சிஎம்டி கிட்: நாலு குழித் தட்டு சொல்வதும் சொல்லாததும்

சிஎம்டி என்பது கலிபோர்னியா மாஸ்டைட்டிஸ் டெஸ்ட், அதாவது கறவை மாட்டின் மடிநோயைப் பாலில் பார்க்கும் சோதனை. அந்தக் கிட் பெட்டியைப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. கைப்பிடி வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, அதில் ஏ, பி, சி, டி என்று நாலு குழி. ஊதா நிறக் கரைசல் ஒரு பாட்டில். சில கம்பெனிகள் அளவுக் குறி போட்ட பீய்ச்சும் பாட்டில் ஒன்றைக் கூடுதலாகத் தருகிறார்கள், பலர் தருவதில்லை. இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு நிமிடத்துக்குள் ஒவ்வொரு காம்பையும் தனித்தனியாகச் சோதிக்க, கறவை வைத்திருப்பவர் கைக்கு எட்டும் செலவில் இதை மிஞ்சிய பொருள் இன்னும் வரவில்லை. குறை பெரும்பாலும் கிட்டில் இருப்பதில்லை. அது சொல்லாத விஷயத்தை அதனிடம் கேட்பதில்தான் இருக்கிறது.

எதற்கு இது? கண்ணுக்குத் தெரியாத மடிநோய்க்கு. மடி வீங்கியிருந்தால், பாலில் திரி திரியாக வந்தால், காம்பு சுட்டால், அப்போது கிட் தேவையில்லை, டாக்டர்தான் தேவை. அறிகுறியே இல்லாத வகையில் பால் வெள்ளையாகவே இருக்கும், மாடு தீவனம் எடுக்கும், ஒரு காம்பில் மட்டும் பால் மெல்ல மெல்ல இறங்கும். பால் சொசைட்டியில் பார்ப்பது கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்). மடிநோயில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் குறைவதால் எஸ்என்எஃப் இறங்கும், கூடவே விலையும் இறங்கும், பழி தவிட்டின் மேலும் தாது உப்பின் மேலும் விழும். தீவனத்தை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு முன் நாலு குழித் தட்டை ஒரு முறை நீட்டிப் பார்ப்பது மலிவு.

பெயரில் உள்ள கலிபோர்னியா வெறும் அலங்காரம் இல்லை. டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஆஸ்கர் ஷால்ம், டேனியல் நூர்லாண்டருடன் சேர்ந்து 1957-இல் வெளியிட்ட சோதனை இது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்தது 1939-இல் வந்த வைட்சைடு சோதனை: கண்ணாடித் தகட்டில் பாலோடு காஸ்டிக் சோடாக் கரைசலைக் கலந்து, குச்சியால் கலக்கி, கட்டியாகிறதா என்று பார்ப்பது. ஆய்வகத்தில் அது சரி. தொழுவத்தில் காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொண்டு மாடு மாடாகப் போக முடியுமா? சோடாவின் இடத்தில் சோப்புத்தூள் வகை ரசாயனத்தையும், கண்ணாடித் தகட்டின் இடத்தில் நாலு குழியையும் கொண்டுவந்ததுதான் அவர்கள் செய்த மாற்றம்.

ஷால்மின் ஆராய்ச்சி போன பாதையைப் பார்த்தால் இந்தக் கிட்டின் குணமும் புரியும். தொடக்கத்தில் அவர் பார்த்தது கிருமியை, குறிப்பாக மடிநோயைப் பரப்பும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேவை. இன்னும் சினையே பிடிக்காத வயதில் கன்றுகள் ஒன்றின் காம்பை ஒன்று சப்புவதால் அந்தக் கிருமி மடிக்குள் போய், முதல் ஈற்றிலேயே மடிநோயாக வெளிப்படுகிறது என்று 1942-இல் எழுதினார். மடிநோய்ப் பாலைக் கிடேரிக் கன்றுக்கு ஊட்டி, கன்றுகளை ஒரே கொட்டிலில் அடைக்கும் பண்ணைகளுக்கு இது இன்றைக்கும் பொருந்தும். பின்னாளில் அவர் பெயர் நிலைத்தது வேறு துறையில்: கால்நடை ரத்த அணுக்களின் ஆராய்ச்சியில். சிஎம்டி இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த பிள்ளை. கிருமியை அது பார்ப்பதே இல்லை. கிருமியை எதிர்த்து மாடு மடிக்குள் அனுப்பும் வெள்ளை அணுக்களைத்தான் பார்க்கிறது.

எப்படிப் பார்க்கிறது? கரைசலில் உள்ள சலவை ரசாயனம், பெரும்பாலும் சோடியம் லாரைல் சல்பேட் அல்லது அதன் சொந்தக்கார ரசாயனம் ஒன்று, அணுக்களின் சவ்வைக் கிழிக்கும். உட்கருவில் சுருண்டு கிடந்த டிஎன்ஏ வெளியே வந்து நூல் நூலாகப் பின்னிக் கஞ்சி போல் கெட்டியாகும். எவ்வளவு அணுவோ அவ்வளவு கெட்டி. 1962-இல் கேரலும் ஷால்மும் டிஎன்ஏவை வெட்டும் நொதியைப் பாலில் சேர்த்துப் பார்த்தார்கள், கெட்டியாகவே இல்லை. இவ்வளவுதான் கிட்டின் ரகசியம். ஊதா நிறம் புரோமோகிரிசால் பர்ப்பிள் என்ற சாயம். மடிநோயில் பாலின் காரத்தன்மை கூடுவதால் ஊதா அழுத்தமாகும். ஆனால் நிறம் துணைச் சாட்சி மட்டுமே. நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் பாதிக் கிட்டைத்தான் பயன்படுத்துகிறார். கெட்டித்தன்மைதான் முதல் சாட்சி.

இனி செய்முறை. கறப்பதற்குச் சற்று முன் செய்ய வேண்டும். கறந்த பிறகு செய்யக் கூடாது. கறவையின் கடைசியில் வரும் பாலில் அணு எண்ணிக்கை இயல்பாகவே அதிகம், கறந்து முடித்த சில மணி நேரமும் அப்படியே நிற்கும். காம்பைத் துடைத்து உலர்த்தி, முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனிக் கப்பில் விட்டுவிடுங்கள். தரையில் பீச்சுவது பழக்கமாக இருந்தால் விட்டுவிடுவது நல்லது. அந்தத் தரையில்தான் மாடு மடியை வைத்துப் படுக்கிறது. பிறகு ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒவ்வொரு குழிக்கும் ஓரிரண்டு பீச்சல். கைப்பிடி எப்போதும் மாட்டின் வாலைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழி எந்தக் காம்பு என்பதை மறந்துபோவதுதான் தொழுவத்தில் அதிகம் நடக்கும் தவறு. இடது பின்காம்புக்குப் போக வேண்டிய மருந்து வலதுக்குப் போனால் கிட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

தட்டைக் கிட்டத்தட்ட செங்குத்தாகச் சாய்த்தால் மிச்சப் பால் வழிந்து குறியீட்டுக் கோடு வரை நிற்கும். குழிக்குச் சுமார் 2 மில்லி. அதே அளவு கரைசலை நுரை வராமல் ஓரமாக விடுங்கள். மேலிருந்து வேகமாகப் பீய்ச்சினால் நுரை வந்து கெட்டியை மறைத்துவிடும். பிறகு தட்டைத் தரைக்கு இணையாகப் பிடித்து வட்டமாகச் சுழற்ற வேண்டும். 10 விநாடிக்குள் பார்க்க ஆரம்பித்து 20 விநாடிக்குள் முடிவெடுங்கள். லேசான கெட்டி, சுழற்றச் சுழற்றக் கலைந்துபோகும். ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் முன் தட்டைத் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். காய வைக்கத் தேவையில்லை, உதறினால் போதும். முன் மாட்டின் கஞ்சி ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த மாட்டுக்குக் கெட்ட பெயர் வரும்.

வாசிப்பு ஐந்து படி. கலவை தண்ணீர் மாதிரி ஓடினால் நெகட்டிவ், மில்லிக்கு சுமார் 2 லட்சம் அணுவுக்குள். சாய்த்தால் மெல்லிய சளி தெரிந்து, சுழற்றினால் மறைந்துபோவது ட்ரேஸ். தெளிவான கெட்டி உண்டு, ஆனால் கூழாகச் சேரவில்லை என்றால் 1. சுமார் 4 லட்சத்திலிருந்து 12 லட்சம். உடனே கெட்டியாகிச் சுழற்றும்போது நடுவில் திரண்டு, நிறுத்தினால் பரவினால் 2. அங்கிருந்து 50 லட்சம் வரை. நடுவில் மேடாக நின்று, நிறுத்திய பிறகும் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் 3, அதற்கும் மேல். இந்த எண்கள் வரம்புகள்தான், துல்லியமான எண்ணிக்கை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் மில்லிக்கு 4 லட்சத்துக்கு மேல் போகும் பண்ணைப் பாலை ஏற்பதில்லை, அமெரிக்கா 7.5 லட்சம் வரை விடுகிறது என்பதோடு வைத்துப் பார்த்தால், ‘1’ என்பது அலட்சியமாக விடக்கூடிய எண் இல்லை என்பது புரியும். எருமைக்கு இயல்பு எண்ணிக்கை பசுவைவிடக் குறைவு. அங்கே ட்ரேஸையும் கவனிக்க வேண்டும். வெள்ளாட்டுப் பாலில் இயல்பிலேயே எண்ணிக்கை அதிகம். பசுவுக்கு வைத்த அளவுகோலை ஆட்டுக்கு வைத்தால் கொட்டிலில் பாதி நோயாளியாகிவிடும்.

நாலு குழியை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் இந்தத் தட்டின் மதிப்பு. கறவை வற்றும் காலத்தில், தினமும் நாலைந்து லிட்டருக்குக் கீழ் போன மாட்டில், நாலு குழியும் ஒரே மாதிரி லேசாகத் தடித்தால் பெரும்பாலும் நோய் இல்லை. மூன்று குழி தண்ணீராக, ஒன்று மட்டும் 2 என்றால் அந்தக் காம்பில் சண்டை நடக்கிறது. கன்று ஈன்ற முதல் மூன்று நாள் சீம்பால் எல்லாக் குழியையும் கெட்டியாகக் காட்டும். நான்காம் நாளிலிருந்துதான் முடிவை நம்பலாம். அதற்கு முன் பார்க்க வேண்டியிருந்தால் காம்புக்குக் காம்பு வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் கிட் காலை வாரும் இடங்கள் வேறு. செறிவுக் கரைசலாக வாங்கி நீர்த்துப் பயன்படுத்துபவர்கள், போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து லாரைல் சல்பேட்டோடு சேர்ந்து வெள்ளைத் திரியாகப் படிந்துவிடும். மிச்சம் இருப்பது நிறத்தண்ணீர்தான். எல்லா மாடும் நெகட்டிவ், பண்ணை சொர்க்கம்! சோப்பு நுரைக்காத தண்ணீர் எதையும் இதற்குள் விடக் கூடாது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர், இல்லையென்றால் ஆர்ஓ நீர். இரண்டாவது, குளிர். ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து விடியற்காலையில் பாட்டில் கலங்கிப் பால்போல் ஆனால் கெட்டுப்போகவில்லை. குளிரில் லாரைல் சல்பேட் படிகமாகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு பயன்படுத்தலாம். மூன்றாவது, கறந்து வைத்த பால். அறை வெப்பத்தில் கிடந்த பாலில் அணுக்கள் சிதைந்துபோகும். புளிக்கத் தொடங்கிய பாலில் சாயமும் மஞ்சளை நோக்கிப் போகும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றால் உடனே குளிரில் வையுங்கள், அன்றைக்கே பாருங்கள்.

கரைசல் புதிதாக வாங்கும்போதெல்லாம் ஒரு சோதனை செய்துவிடலாம்: 3 காட்டும் என்று ஏற்கனவே தெரிந்த ஒரு காம்பின் பாலும், நல்ல காம்பின் பாலும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.

தட்டைப் பொறுத்தவரை, வெள்ளையாக, அடிப்பாகம் தட்டையாக, கோடுகள் தெளிவாக உள்ளதை வாங்குங்கள். குழி ஆழம் போதாத தட்டுகள் உண்டு. சுழற்றும்போது பக்கத்துக் குழிக்குச் சிந்தும், பிறகு நாலு காம்பும் ஒரே நோயாளி. உராய்வுப் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவினால் சுரசுரப்பாகி ஊதாக் கறை பிடிக்கும். விலையைவிட, ஒரு பாட்டிலில் எத்தனை மாடு என்று கணக்குப் போடுங்கள். மாட்டுக்கு 8 மில்லி என்றால் பயன்பாட்டுக்குத் தயாரான அரை லிட்டரில் சிந்தலோடு சேர்த்து ஐம்பது, அறுபது மாடு வரும். பத்துக் கறவை, மாதம் ஒரு முறை என்றால் ஐந்து மாதத்துக்கு மேல் ஓடும்.

சலவைத்தூளில் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தார் சர்ஃப் தூளை 3 சதவீதக் கரைசலாக, அதாவது அரை லிட்டருக்கு 15 கிராம், வைத்துக் கள அளவில் பயன்படுத்தும் முறையை முன்வைத்தார்கள். அடிப்படை வேதியியல் ஒன்றேதான். சாயம் இல்லாததால் ஊதா உதவி கிடைக்காது, வாசிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது போதும்; தட்டு மட்டும் வாங்கினால் சரி. நிறம் மாறும் காகிதப் பட்டைகள் மலிவானவை, ஆனால் அவை பாலின் காரத்தன்மையை மட்டுமே பார்ப்பதால் ஆரம்பக் கட்டத்தைத் தவறவிடும். கையடக்கமான டிஜிட்டல் செல் கவுண்டர் உண்மையான எண்ணைத் தரும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கேசட் செலவாகும் என்பதால் ஐம்பது மாட்டுப் பண்ணைக்கும் ஆய்வுக்கும்தான் பொருந்தும்.

இனி கிட் சொல்லாதது. குழியில் 3 வந்தால் எந்தக் கிருமி என்று அது சொல்லாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் வயதான மாட்டின் பழைய நோய் மருந்துக்கு அவ்வளவாக மசியாது, அகலாக்டியே என்றால் பெரும்பாலும் மசியும், ஈ. கோலை என்றால் சாணமும் ஈரப் படுக்கையும்தான் குற்றவாளி. மூன்றுக்கும் குழியில் ஒரே கூழ்தான். 3 பார்த்தவுடன் மெடிக்கலுக்கு ஓடி, மடிக்குள் செலுத்தும் டியூப் ஒன்றை வாங்கி ஏற்றுவதுதான் இந்தக் கிட்டால் நடக்கும் பெரிய கெடுதல். இங்கேதான் கால்நடை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறை வருகிறது. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அந்தத் துறை இருக்கிறது. மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவும் இருக்கிறது. உங்கள் டாக்டர் மூலம் பால் மாதிரி அனுப்புவது சிறந்தது.

மாதிரி எடுப்பது தட்டில் பீச்சுவதுபோல் இல்லை. எந்த மருந்தும் ஏற்றும் முன் எடுக்க வேண்டும். மடியில் தண்ணீர் சொட்டக் கூடாது. 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால், அழுக்கு வராத வரை காம்பு நுனியைத் துடைக்க வேண்டும். தூரத்துக் காம்பை முதலில் துடைத்து, பக்கத்துக் காம்பில் முதலில் பீச்ச வேண்டும், அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. முதல் பீச்சல்களை விட்டுவிட்டு, மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி, குப்பியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து 3 முதல் 5 மில்லி. குப்பியை முழுக்க நிரப்பாதீர்கள். மாட்டின் எண், காம்பு, தேதி, தட்டில் பார்த்த எண். ஐஸ் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேரட்டும். வெந்நீரில் கழுவிய மருந்து பாட்டிலில் அனுப்பிய மாதிரியில் நாலைந்து வகைக் கிருமி முளைத்தால் ஆய்வகம் ‘மாசுபட்ட மாதிரி’ என்றுதான் எழுதும். அது அவர்கள் தவறில்லை.

அங்கே ரத்த அகார் என்ற, ரத்தம் கலந்த ஊட்டக் கூழில் 37 டிகிரியில் கிருமியை ஓரிரு நாள் வளர்ப்பார்கள். ஆரியஸ் என்றால் பெரும்பாலும் முளைத்த கிருமிக் கூட்டத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். அகலாக்டியேவை உறுதிசெய்யும் ‘காம்ப்’ (CAMP) என்ற ஆய்வகச் சோதனை 1944-இலிருந்து அப்படியே நிற்கிறது. பிறகு எந்த மருந்துக்கு மசியும் என்ற பட்டியல். சில நேரம் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். உடனே கிட் பொய் சொன்னது என்று முடிவுகட்ட வேண்டாம். மாடு கிருமியை வென்றிருக்கலாம், அணுக்கள் மட்டும் மிச்சமிருக்கலாம். ஆரியஸ் விட்டு விட்டுத்தான் பாலில் வெளியாகும் என்பதால் ஒரு மாதிரி போதாமலும் இருக்கலாம். சில நாள் இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு அனுப்புங்கள்.

முடிவு வரும் வரை செலவில்லாத வேலை ஒன்று உண்டு: கறக்கும் வரிசை. நாலும் நெகட்டிவ் ஆன மாடுகள் முதலில், 2-ம் 3-ம் காட்டியவை கடைசியில். கறந்தவுடன் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, அரை மணி நேரம் படுக்கவிடாமல் தீவனம் போட்டு நிறுத்துங்கள். 2-ம் 3-ம் காட்டிய மாடுகளின் பாலைக் கிடேரிக் கன்றுக்கு ஊட்ட வேண்டாம். அறிகுறியில்லாத காம்புக்குக் கறவை நடுவில் மருந்து ஏற்றுவதா, வற்றவிடும்போது ஏற்றுவதா என்பதைக் கிருமியின் பெயர் தெரிந்த பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும்.

மாதம் ஒரு முறை எல்லா மாட்டுக்கும்; ஈன்ற மாட்டுக்கு ஐந்தாம் நாள்; வற்றவிடுவதற்கு முந்தைய வாரம்; அப்புறம் சந்தையில் பணம் கொடுக்கும் முன். இந்தக் கடைசியைத்தான் யாரும் செய்வதில்லை. மடி பெரிதாகத் தெரியட்டும் என்று கறக்காமல் கட்டி வந்த மாட்டில், சாயம் பூசிய கொம்பையும் பல்லையும் பார்க்கும் நேரத்தில் நாலு குழியையும் பார்த்துவிடலாம். தரகர் முகம் சுளிப்பார்; சுளிக்கட்டும். ஒரு குழி 3 காட்டினால் அது மூன்று காம்பு மாடு என்று வைத்து விலை பேசுங்கள். ஆரியஸாக இருந்தால் உங்கள் தொழுவத்து மற்ற மாடுகளுக்கும் சேர்த்து நோயை வாங்குகிறீர்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.